மெய்ப்பெயரும் வழங்குபெயரும்: மாயப் புனைகதையில் பழங்கூறுகள் புதுமை பெறுதல்

மாயப் புனைகதை பற்றிய திறனாய்வில் 'பழகிய கூறு' என்னும் தொடர் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வழங்கிவருகிறது. வெண்தாடி வைத்த மந்திரவாதி, பொற்குவியலின்மீது படுத்திருக்கும் டிராகன், எளிய குடியிற் பிறந்து பேராற்றல் பெறும் சிறுவன், உலகை விழுங்கவரும் இருள் ஆகியன நூலுக்கு நூல் திரும்ப வருவதைச் சுட்டி, இவ்வகை எழுத்துச் சலிப்பூட்டுவது என்று முடிவு கூறுவர். டயானா வின் ஜோன்ஸ் 1996இல் வெளியிட்ட 'த டஃப் கைட் டு ஃபேன்டஸிலேண்ட்' என்னும் நூல் இக்கூறுகளை அகரவரிசைப்படுத்திச் சுற்றுலாக் கையேட்டின் வடிவில் தந்தது. அந்நாட்டில் பயணிகளுக்குக் கிடைக்கும் உணவு இறைச்சிக் குழம்பு ஒன்றே. அங்குள்ள குதிரைகள் மகரந்தச் சேர்க்கையால் இனம் பெருக்குகின்றன போலும் என்று ஆசிரியர் எள்ளுகிறார். எள்ளலே ஆயினும் அஃது ஓர் அகராதி. அகராதியாகத் தொகுக்கத்தக்க அளவுக்கு இக்கூறுகள் நிலைபேறு அடைந்துள்ளன என்பதற்கு அந்நூலே சான்று.

எனினும் இதே கூறுகளைக் கொண்டு எழுதப்பட்ட நாவல்கள் சில, சலிப்புக்கு மாறாக வாசகரைத் தம்பால் மீண்டும் ஈர்க்கின்றன. இவ்வீர்ப்பின் காரணம் கதைப்பின்னலில் இருப்பதாகக் கொள்ளுதல் பொருந்தாது. விளாதிமிர் பிராப் 1928இல் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து வகுத்த 31 செயற்கூறுகளை இந்நாவல்களிலும் ஏறக்குறைய அவ்வாறே காணலாம். தலைகீழாக்கம் ஒன்றே புதுமைக்கு வழி என்பாரும் உளர். நல்ல டிராகன், தீய இளவரசன், அரக்கனின் பார்வையில் கதை என்று இவ்வழி விரியும். இது மலிவான வழி என்பது என் கருத்து. தலைகீழாக்கப்பட்ட கூறு இரண்டு நூல்களுக்குள் தானும் பழகிப்போகிறது. ஜான் கார்ட்னரின் 'கிரெண்டல்' (1971) இன்றும் நிற்பதற்குக் காரணம் அரக்கன் கதை சொல்வது அன்று. அவ்வரக்கனுக்கு வாய்த்த மொழி.

விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் முன்வைத்த பரிச்சய நீக்கம் என்னும் கோட்பாடு இங்கு நினைவுக்கு வரும். டோல்கியனும் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தி, 1947இல் அச்சேறிய தேவதைக் கதைகள் பற்றிய உரையில், பழகிப் பழகி மங்கிய பொருள்களைத் தெளிவாகக் காணும் பார்வையை மீட்டுத் தருதல் இக்கதைகளின் பயன்களுள் ஒன்று என்றார். இருவரும் உலகப் பொருள்களைப் பற்றியே பேசினர். ஆனால் நம்முன் உள்ள வினா வேறு: இலக்கியக் கூறே மங்கிவிடும்போது அதனை மீட்பது எவ்வாறு? கூற்றை மாற்றாமல், அதனைச் சொன்ன சொல்லுக்குச் சொல் உண்மையென ஏற்று, அதன் விளைவுகளை இறுதிவரை கணக்கிட்டுப் பார்த்தல் என்பதே நான் காணும் விடை. இக்கணக்கீடு மொழியிலேயே நிகழ்கிறது. ஆகவே இத்தகைய நூலை மொழிபெயர்ப்பவர் கதையை மட்டும் பெயர்த்தால் பழைய கூறு மட்டுமே வந்துசேரும். புதுமை மூலமொழியிலேயே தங்கிவிடும். அர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' வரிசையை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன்.

லெ குவின் (1929-2018) இவ்வரிசையில் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968), 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971), 'த ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972), 'டெஹானு' (1990), 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' (2001), 'தி அதர் விண்ட்' (2001) ஆகிய நூல்களை எழுதினார். மெர்லின், காண்டால்ஃப் முதலிய மந்திரவாதிகள் எல்லாரும் முதியவர்களாகவே தோன்றுகிறார்களே, தாடி நரைக்குமுன் இவர்கள் என்னவாக இருந்தனர், இக்கலையை எங்குக் கற்றனர் என்னும் கேள்வியே முதல் நூலுக்கு வித்து என்று அவரே பின்னர் எழுதினார். மந்திரப் பள்ளி என்னும் அமைப்பு இக்கேள்வியிலிருந்து பிறந்தது. (1997க்குப்பின் உலகமெங்கும் பரவிய பள்ளிக் கதைகளின் வாசகர் பலர் இம்முன்னோடியை அறியார்.) ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ரோக் தீவின் பள்ளியிற் பயில்கிறான், செருக்கினால் இறந்தோரை அழைக்க முயன்று ஒரு நிழலை உலகினுள் விட்டுவிடுகிறான், அதற்கு அஞ்சி ஓடுகிறான், பின்னர் அதனையே துரத்துகிறான். கதை இவ்வளவே.

இக்கதையில் எடுத்தாளப்பட்ட பழங்கூறுகளுள் தலையாயது மெய்ப்பெயர். ஒரு பொருளின் அல்லது ஆளின் உண்மைப் பெயரை அறிந்தவர் அதன்மீது ஆற்றல் பெறுவர் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. எகிப்தின் ஐசிஸ், ரா என்னும் கடவுளின் மறைபெயரைக் கவர்ந்த கதையையும் பெயர் விலக்குகள் பலவற்றையும் ஃபிரேசர் தொகுத்துள்ளார். கிரிம் சகோதரரின் ரம்பல்ஸ்டில்ஸ்கின் கதையும் இதன்மேல் நிற்பதே. லெ குவினின் இல்லத்திலும் இத்தகைய செய்தி ஒன்று இருந்தது. அவர் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் கலிபோர்னியப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்த மானிடவியலாளர். யாகி இனத்தின் இறுதி மனிதர் 1911இல் வெளியுலகிற்கு வந்தபோது தம் பெயரைக் கூறவில்லை. யானா மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்பதைக் குரோபர் அவருக்கு வழங்குபெயராக்கினார். 1916இல் இறக்கும்வரை அவர் தம் பெயரை வெளியிடவேயில்லை. லெ குவினின் தாயார் தியோடோரா குரோபர் 1961இல் இம்மனிதரின் வரலாற்றை நூலாக்கினார். நாவலுக்கு இதுவே மூலம் என்று நான் வாதிட வரவில்லை. பெயரை மறைத்தல் லெ குவினுக்கு வெறும் கதைக்கூறாக மட்டும் தெரிந்திருக்க இயலாது என்பதே கருதத்தக்கது.

இனி, இக்கூறு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைக் காண்போம். பெயரே ஆற்றல் எனில் மந்திரக் கல்வி என்பது சொற்கோவை மனனம் ஆகிவிடும். பெயராசானின் தனிக்கோபுரத்தில் மாணவர்கள் இடப்பெயர்கள், செடிகளின் உறுப்புப் பெயர்கள் என்று நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். நள்ளிரவில் ஏட்டிலுள்ள எழுத்துகள் மறைந்துவிடுகின்றன. அகராதிப் பணியில் ஈடுபட்டோர் இவ்வதிகாரத்தைப் புன்னகையின்றிப் படித்தல் அரிது. பெயரே ஆற்றல் எனில் அவ்வாற்றலுக்கு எல்லையும் அதுவே: பெயரறியாப் பொருளின்மேல் எந்த மந்திரமும் செல்லாது. கூழாங்கல்லை மணியாக மாற்ற வேண்டுமாயின் அதன் பெயரை மாற்ற வேண்டும். பெயரை மாற்றுதல் உலகின் நிறையையே மாற்றுதல் ஆகும். பெயரே ஆற்றல் எனில் ஒருவர் தம் பெயரைச் சொல்லுதல் தம் உயிரை ஒப்படைத்தலுக்கு நிகர். தன்னம்பிக்கை முற்றும் இழந்து கிடக்கும் நாயகனிடம் நண்பன் வெட்ச் விடைபெற வரும்போது தன் மெய்ப்பெயரைச் சொல்லிச் செல்கிறான். சண்டையோ ஒளிவெள்ளமோ அங்கு இல்லை. ஒரு பெயர் சொல்லப்படுகிறது. முதல் நூலில் இதனினும் நெகிழ்ச்சியான இடம் இல்லை. வேறொரு தருணத்தில் பெண்டார்த் தீவின் டிராகன், நாயகனைத் துரத்தும் நிழலின் பெயரைக் கூறுவதாக ஆசை காட்டுகிறது. அவன் அதனைத் தவிர்த்து, தன்னை நம்பிய தீவு மக்களின் பாதுகாப்பையே கேட்டுப் பெறுகிறான். பொன்னைக் காக்கும் டிராகன் என்னும் கூறு இங்கு மாறவில்லை. பேரம் பேசப்படும் பொருள் மட்டும் பொன்னிலிருந்து சொல்லாகிவிட்டது.

மொழியியலாளர் கூர்ந்து நோக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. தீவுகளின் வழக்குமொழியில் கடல்நுரைக்குச் 'சுகியென்' என்று பெயர். 'சுக்' என்றால் இறகு, 'இனியென்' என்றால் கடல். நுரை கடலின் இறகு. ஆயினும் இச்சொல்லால் நுரையை மயக்க இயலாது. ஆதிமொழியில் அதன் பெயர் 'எஸ்ஸா'. அதனையே ஆள வேண்டும். நன்னூலார் கூறும் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டைக் கொண்டு நோக்கின், சுகியென் காரணப்பெயர்; பகுதிகளின் பொருள் அறியாத மீனவனுக்கு அதுவே இடுகுறி. எஸ்ஸா எதில் அடங்கும்? அதற்குக் காரணம் கூற இயலாது. எனவே காரணப்பெயர் அன்று. மக்கள் தம்முள் உடன்பட்டு இட்டதும் அன்று. எனவே இடுகுறியும் அன்று. பொருளும் பெயரும் ஒன்றேயாகிய மூன்றாம் நிலை அது. குறிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயல்பான காரணமற்றது என்று சசூர் கற்பித்த நூற்றாண்டில், அவ்வாறன்றி வேறாக அமைந்த மொழி ஒன்று இருப்பின் என்ன ஆகும் என்று இந்நாவல் கேட்கிறது. அம்மொழியில் மனிதர் பொய் பேச இயலாது. அதனையே தாய்மொழியாகக் கொண்ட டிராகன்கள் மட்டும் அதில் உண்மையைத் திரித்துப் பேச வல்லன. இந்நுட்பம் ஒன்றே டிராகனை வெறும் விலங்கினின்றும் உயர்த்திவிடுகிறது.

மொழிபெயர்ப்புச் சிக்கல்களுக்கு வருவோம். மக்களின் வழங்குபெயர்கள் பெரும்பாலும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள்: நாயகனது ஒரு சிறு பருந்தின் பெயர், நண்பனது பயற்றினச் செடி ஒன்றின் பெயர். மெய்ப்பெயர்கள் எம்மொழியிலும் பொருளற்றவை. ஆகவே வழங்குபெயரைப் பெயர்ப்பதும் மெய்ப்பெயரை ஒலிபெயர்ப்பதும் நூலே விதிக்கும் நெறி. பிரெஞ்சில் 'எப்பெர்வியே', ஜெர்மனில் 'ஷ்பெர்பர்' என்று நாயகனின் வழங்குபெயர் பறவைப்பெயராகவே பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழில் 'ஸ்பாரோஹாக்' என்று எழுதிவிட்டால் வழங்குபெயரும் மெய்ப்பெயரைப் போலப் பொருளற்ற ஒலியாகி, நாவலின் அச்சாணியே கழன்றுவிடும். 'வல்லூறு' எனலாமெனில், அச்சொல் நம் மேடைப்பேச்சிலும் இதழியலிலும் சுரண்டுவோரைக் குறித்துக் குறித்துக் கறைபட்டுள்ளது. பறவை நூல்களில் இவ்வினச் சிறு பருந்து ஒன்றுக்கு வழங்கும் 'வைரி' பொருத்தமானது. அச்சொல்லுக்குப் பகைவன் என்னும் பொருளும் உண்டு. தனக்குத் தானே பகையான நாயகனுக்கு இத்தற்செயல் தீங்கன்று என்பேன்.

மெய்ப்பெயரை ஒலிபெயர்ப்பது எளிது என்று கருதுவோர் தமிழ் எழுத்தில் அதனை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். நாயகனின் பெயர் வல்லொலிக் ககரத்தின் மெலிந்த ஒலிப்பில் தொடங்குவது. தமிழில் 'கெட்' என்றே எழுத இயலும். வேற்றுமை ஏற்குங்கால் தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரின் இரட்டிக்கும் ஆதலின் 'கெட்டை', 'கெட்டின்', 'கெட்டுக்கு' என்று ஆகி, கெடுதல் என்னும் வினையின் இறந்தகால அடியோடு மயங்கும். 'கெத்' எனின் இன்றைய இளைஞர் பேச்சுவழக்கு வந்து நிற்கும். 'இனியென்' என்னும் கடற்பெயரோ தமிழ் வாசகருக்கு 'இனி என்ன' என்று ஒலிக்கும். கல்லைக் குறிக்கும் 'டோல்க்' மொழிமுதல், மொழியிறுதி ஆகிய இரு விதிகளையும் மீறும். பொருளின்மையே இச்சொற்களின் பொருள். தமிழோ அவற்றுக்கு வேண்டாத பொருளைத் தந்துவிடுகிறது. வேற்றுமை உருபை நேரே ஒட்டாமல் 'கெட் என்பானை', 'கெட் அவன்' என்றாற்போல இடைச்சொல் பெய்து எழுதுவதோ, எழுவாய் நிலையிலேயே பெயரை நிறுத்தி ஏனைய இடங்களில் பதிலிப்பெயரை ஆள்வதோ ஒரு வழி. சிறிது செயற்கையாகத் தோன்றினும், பெயர் சிதையாது நிற்றல் இந்நூலில் நடையழகினும் முதன்மையானது.

இரு பெயர்களில் ஒன்றை மட்டும் நூல் முழுதும் ஆண்டு வாசகருக்கு 'எளிமை' செய்யும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இங்கு அது பெருங்குற்றம். பெயர் சூட்டப்பட்ட பின் கதைமாந்தர் பெரும்பாலோர் அவனை வழங்குபெயரால் அழைக்க, கதைசொல்லி மட்டும் மெய்ப்பெயரால் குறிக்கிறார். வாசகரும் அப்பெயரை அறிந்தவர் ஆகிறார்; அஃதாவது, நண்பன் வெட்சின் நிலைக்கு வாசகர் உயர்த்தப்படுகிறார். இந்நூலின் நெருக்கவுணர்வு எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்பாருக்கு இதனையே காட்டலாம்.

பழங்கூறுகளைக் குறிக்கும் பொதுச்சொற்கள் வேறொரு வகையில் இடர் தருவன. தமிழ் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷம் டிராகனை 'வலுசர்ப்பம்' என்கிறது. அச்சொல்லைக் கையாளின் சாத்தானும் உடன் வருவான். லெ குவின் அகற்ற முயன்ற பொருளையே நாம் மீண்டும் ஏற்றியவர் ஆவோம். 'யாளி' நம் கோயில் தூண்களில் நிற்பது. அதற்குச் சிறகுமில்லை, பேச்சுமில்லை. 'டிராகன்' என்ற கடன்சொல்லே பெரிதும் கறையற்றது. 'மந்திரவாதி'யும் அத்தகையதே. 'பாதாள பைரவி' (1951) திரைப்படத்தில் எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற நேபாள மந்திரவாதியை அறிந்த தலைமுறைக்கு அச்சொல் எதிர்நாயகனையே குறிக்கும். ஊர்ப்புற வித்தைக்காரருக்கு அதனை ஒதுக்கி, ரோக் தீவிற் பயின்றோரை 'வித்தகர்' எனலாம் என்பது என் பரிந்துரை. மூலத்திலும் இவ்வகைத் தரவேறுபாடு உண்டு.

சூசன்னா கிளார்க்கின் 'ஜானதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரெல்' (2004) இதே சிக்கலின் வேறொரு முகம். அங்குப் பழங்கூறு புதுமை பெறுவது ஜேன் ஆஸ்டின் காலத்து எழுத்துக்கூட்டல்களாலும், இல்லாத நூல்களைச் சான்றுகாட்டும் நீண்ட அடிக்குறிப்புகளாலும். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் (1879) உரைநடையை நினைவூட்டும் தமிழ் அதற்கு ஓரளவு ஒத்துவரலாம். அது தனிக்கட்டுரைக்கு உரிய பொருள்.

எர்த்சீயில் எஞ்சி நிற்பது திணைச் சிக்கல். ஆங்கில வினை திணையைக் காட்டாது. தமிழில் முற்றுவினை ஒவ்வொன்றும் காட்டும். டிராகன் 'சொன்னதா', 'சொன்னானா', 'சொன்னாரா'? பேசுவதனால் மட்டும் உயர்திணை ஆகிவிடாது. நம் கதைகளில் நரி 'சொன்னது' என்பதே இயல்பு, நரியார் 'சொன்னார்' என்பது நகைச்சுவை. நன்னூலார் மக்கள், தேவர், நரகர் ஆகியோரையே உயர்திணை என்றார். மலையாள மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடர் குறைவு. அம்மொழி வினை திணை, பால் காட்டுவதில்லை. தெலுங்கில் பெண்பால் ஒருமையும் அஃறிணை ஒருமையும் ஒரே விகுதியில் அடங்குவதால் அங்கு வேறு சில வாய்ப்புகள் உண்டு. முதல் நூலை மட்டும் கருதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தயக்கமின்றி அஃறிணையை ஆள்வார். ஆனால் 1990இல் வந்த நான்காம் நூல், மனிதரும் டிராகன்களும் ஒருகாலத்தில் ஓரினமாக இருந்தனர் என்னும் தொன்மத்தைச் சொல்கிறது. தீயிலிடப்பட்டு முகமும் கையும் சிதைந்த சிறுமி ஒருத்தி இரண்டினுக்கும் உரியவள் என்று காட்டுகிறது. முதல் நூலில் இட்ட 'அது' நான்காம் நூலைப் பொய்யாக்கிவிடும்.

இந்நான்காம் நூலைத் தம் உலகைத் தாமே சிதைத்துக்கொண்ட செயலாகக் கண்டவர் உண்டு. ஆற்றல் இழந்த முதிய நாயகன் ஆடு மேய்க்கிறான். உழவனின் கைம்பெண்ணான டெனார் பானை கழுவுகிறாள், பீச்பழத் தோட்டத்தைக் காக்கிறாள். வரிசையின் மிகத் துணிவான கணக்கீடு இதுவே என்று நான் மதிக்கிறேன். பெண்டிரின் மந்திரம் வலுவற்றது, தீயது என்னும் கருத்து முதல் நூலில் அந்நாட்டுப் பழமொழியாக, மறுப்பின்றி வந்துபோகிறது. 22 ஆண்டுகளுக்குப்பின் ஆசிரியர் அப்பழமொழியைத் திரும்ப எடுத்து, இதனைச் சொன்னவர் யார், யாருக்காகச் சொன்னார் என்று கேட்கிறார். எனவே முதல் நூலிலேயே அதனைத் தமிழில் ஒரு பழமொழியின் செறிவோடும் எதுகையோடும் ஆக்கிவைத்தல் வேண்டும். விளக்கவுரையாக நீட்டிவிட்டால் நான்காம் நூலில் வாசகர் அதனை அடையாளம் காணார்.

திணைக்கு ஒரு தீர்வு இலக்கணத்திலேயே கிடைக்கிறது. பெயரெச்சமும் வினையெச்சமும் திணை காட்டா. நேருரையில் வரும் 'நீ' இருதிணைக்கும் பொது. 'தான்' என்னும் படர்க்கைப் பெயரும் அவ்வாறே. டிராகன் தோன்றும் இடங்களில் எச்சத்தொடர்களையும் நேருரையையும் மிகுவித்து, முற்றுவினையைக் குறைத்து எழுதலாம். நிழலுக்கு இது மேலும் பொருந்தும். முதல் நூல் முழுதும் நிழல் அஃறிணையாகவே நிற்கிறது. இறுதியில் கடலின் விளிம்புக்கு அப்பால் இருவரும் எதிர்ப்பட்டு ஒருங்கே ஒரு பெயரைச் சொல்கின்றனர். அது நாயகனின் பெயர். பகைவனை வெல்லும் வீரன் என்னும் மிகப் பழைய கூறு அவ்வொரு சொல்லில் வேறாகிவிடுகிறது. அவ்விடத்து வாக்கியம் 'அது'விலும் முடியாமல் 'அவன்' என்பதிலும் முடியாமல் 'தான்' என்பதைச் சுற்றி அமையுமாயின், ஆங்கிலத்திற்கு வாய்க்காத ஒன்று தமிழுக்கு வாய்க்கும்.